கியர் தவறுவது யார் குற்றம்?

இசை, இலக்கியம், சமையல் குறிப்பு எல்லாம் வரும் நம் சங்க இதழில் கார்ப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். புனேயில் நம் குடும்பங்கள் பல, பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆலைகளை நம்பி வந்து வேரூன்றியவை. இன்று நம் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிகளில் தாங்களே கார் கட்டி, இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூரில் நடக்கும் பாஹா போட்டிக்குக் கொண்டு போகிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். ஓடும்போது கியர் தவறினால் ஓட்டுகிறவனை மாற்றுவதா, காரைத் திருத்துவதா?

நான் ஓர் ஆலையின் கியர்பாக்ஸ் பிரிவில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊருக்குப் போகும் விடுமுறைகளில் சோழவரத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயக் கார்களுக்குக் கை கொடுத்த பழக்கமும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர் தவறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஓட்டுநரின் கையை அல்ல. அந்தக் கைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் ராடையும் மூட்டுகளையும்தான். இந்தத் தொகுப்பைத்தான் லிங்கேஜ் என்கிறோம்.

கியர் லீவரின் அடியில் ஓர் உருண்டை மூட்டு இருக்கிறது. லீவரின் மேல்முனையை முன்னால் தள்ளினால் அதன் கீழ்முனை பின்னால் போகும். அந்த அசைவை ஒரு நீண்ட ராடு கியர்பாக்ஸ் வரை எடுத்துச் செல்கிறது. முன்னும் பின்னும் போகும் அசைவு கியரை விழ வைக்கிறது. பக்கவாட்டு அசைவு ராடைச் சற்றே திருகி, எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கிறது. ஒன்றும் இரண்டும் ஒரு வரிசை, மூன்றும் நான்கும் ஒரு வரிசை, ஐந்து தனி வரிசை. ஆக ஒரே ராடு இரண்டு வேலை செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

கியர் தவறுவதில் இரண்டு வகை உண்டு. கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிடுவது ஒன்று. இதில் என்ஜின் அலறும், ஒரு விநாடி போகும், பின்னால் வருகிறவன் முந்திவிடுவான்; அவ்வளவுதான். வேறு கியரில் விழுந்துவிடுவது மற்றொன்று. இதுதான் பொல்லாதது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கியர்பாக்ஸில் ஐந்தாம் கியரின் விகிதம் 0.8, நான்காவது 1.0, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும் வேகத்தில் நான்குக்கு இறக்கினால் 6,250 ஆகும். அதுவே தவறி இரண்டில் விழுந்து கிளட்சை விட்டால் 11,875! 7,000 சுற்றுத் தாங்கும் என்ஜினில் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும். சுற்றைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்பார்கள். அது தீப்பொறியையோ பெட்ரோலையோதான் நிறுத்தும். இங்கே என்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். கையிலிருந்து செலவழித்துப் பந்தயம் ஓட்டுகிறவனுக்கு ஒரு என்ஜின் போனால் அந்த ஆண்டே போயிற்று.

பெரிய பந்தயங்கள் இந்தத் தொல்லையிலிருந்து எப்போதோ விடுபட்டுவிட்டன. 1989ல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் கார், ஸ்டியரிங் பின்னாலுள்ள இரண்டு தட்டுகளால் கியர் மாற்றும் முறையோடு வந்து, தன் முதல் பந்தயத்தையே பிரேசிலில் வென்றது. ஓட்டியவர் நைஜல் மான்செல். அதே பிரேசிலில் 1991ல் அயர்ட்டன் சென்னா, கையால் கியர் மாற்றும் மெக்லாரன் காரில் ஒவ்வொரு கியராக இழந்து, கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியர் ஒன்றை வைத்தே ஓட்டி வென்றார். இறங்கும்போது தோள் தூக்க முடியாமல் துடித்தார். ஆனால் நம் பிள்ளைகள் கட்டும் கார்களுக்கும், குறைந்த செலவில் ஓடும் பந்தய, ராலிக் கார்களுக்கும் ராடும் மூட்டும்தான் கதி.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800இன் 796 சி.சி. என்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் உள்பட எத்தனையோ பேர் அதில் கற்றுக்கொண்டவர்கள். 1995ல் கரிவரதன் மறைந்தார். 2003ல் திறக்கப்பட்ட கோவைப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைக்கும் எந்தக் காரிலும் ராடு நீளும். என்ஜினைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகவும் வேண்டியிருக்கும். வளைவுக்கு ஒரு மூட்டு. மூட்டுக்கு ஓர் ஆட்டம்.

ஆட்டத்தைக் கணக்கிடுவோம். ஒரு மூட்டில் அரை மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அப்படி நான்கு மூட்டு என்றால் 2 மில்லிமீட்டர். லீவரில் கைப்பிடியிலிருந்து உருண்டை வரை 200 மில்லிமீட்டர், உருண்டையிலிருந்து ராடு வரை 50 மில்லிமீட்டர் என்றால் நாலுக்கு ஒன்று. ஆகவே கைப்பிடியில் 8 மில்லிமீட்டர் வெறும் ஆட்டம். கை 8 மில்லிமீட்டர் போய்விட்டது, உள்ளே ஒன்றும் நகரவில்லை! ரப்பர், நைலான் புஷ்களை எடுத்துவிட்டு வெண்கல புஷ்ஷோ, பந்து மூட்டுள்ள ராடு எண்டோ போட்டால் இதில் பெரும்பகுதி மறையும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் நைலான் புஷ் சூட்டில் இளகிவிடும். காலையில் சரியாக இருக்கும் கார் மதியப் பந்தயத்தில் தவறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து ராடு. வரிசை மாற்றும்போது ராடு திருகப்படுகிறது என்றேன் அல்லவா? மெல்லிய ராடு தானே முறுக்கிக்கொள்ளும். மறுமுனை பாதிதான் திரும்பும். பிள்ளைகள் பலமாக இருக்கட்டும் என்று 12 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பியைப் போடுகிறார்கள். அதற்குப் பதில் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர், தகட்டுக் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ள எஃகுக் குழாயைப் போட்டுப் பாருங்கள். முறுக்கை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், குழாய் ஏறக்குறைய 3.7 மடங்கு விறைப்பாக இருக்கும். எடையோ கம்பியின் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். நீளமான ராடாக இருந்தால் நடுவில் ஒரு தாங்கி அவசியம்.

இதையெல்லாம் செய்தும் கியர் தவறுவது உண்டு. அதற்கு நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சிறு குழு, முன்சக்கரத்தால் இயங்கும் ஒரு சலூன் காரை ஓட்டியது. ஓட்டியவன் 22 வயதுப் பையன். நல்ல கை. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகையில் அடிக்கடி தவறவிட்டான். காரை நிறுத்திவைத்து நாங்கள் போட்டுப் பார்த்தால் வெண்ணெயில் கத்தி போவது போல் விழும். "பையனுக்குப் பதற்றம்" என்று தீர்ப்பாயிற்று. அவனை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றினார்கள். அவரும் அதே இடத்தில் தவறவிட்டார். அதற்குப் பிறகுதான் பானட்டைத் திறந்தார்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்சைச் சற்றே விட, நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். (இந்தச் சோதனையின்போது காருக்கு நேர் எதிரே யாரும் நிற்கக்கூடாது.) என்ஜின் இரண்டு விரற்கடை பின்னால் சாய்ந்தது! அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்து கிடந்தது.

விஷயம் இதுதான். குறுக்காக வைத்த என்ஜின், முடுக்கும்போது முன்பின்னாக ஆடும். கிளட்சை மிதித்ததும் எதிர்ப்பக்கம் துள்ளும். லீவர் இருப்பது காரின் உடலில், கியர்பாக்ஸ் இருப்பது என்ஜினோடு. கை ராடைத் தள்ளும் அதே நொடியில் கியர்பாக்ஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது. கை முழுத் தூரம் போனாலும் உள்ளே கியர் பாதிதான் விழுகிறது. நெடுக்காக வைத்த என்ஜினோ பக்கவாட்டில் ஆடும். அப்போது வரிசையே மாறிப்போகும். நிற்கிற காரில் இது தெரியவே தெரியாது. மவுண்டைக் கெட்டியாக்கலாம், ஆனால் அதிர்வு கூடும். என் கணிப்பில் அதைவிட நல்ல வழி, லீவரின் அடித்தளத்தைக் கியர்பாக்ஸோடு ஒரு தனி ராடால் பிணைப்பது. என்ஜின் ஆடினால் லீவரும் கூடவே ஆடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. முன்சக்கரக் கார்கள் பலவற்றில் தயாரிப்பாளர்களே இப்படி வைத்திருக்கிறார்கள். அந்தக் காரில் மவுண்டை மாற்றி இப்படி ஒரு ராடும் போட்ட பிறகு மூன்றாம் கியர் தவறவே இல்லை. இறக்கிவிட்ட பையனை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

இன்னொரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கியர் தவறினால் உடனே குட்டை லீவர் வாங்கிப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாலுக்கு ஒன்றாக இருந்ததை மூன்றுக்கு ஒன்றாக்கினால் கை போகும் தூரம் கால் பங்கு குறையும், தள்ளும் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். மூட்டுகளின் ஆட்டமோ மொத்தத் தூரத்தில் முன்பிருந்த அதே பங்காகவே இருக்கும். வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கிவிடுமானால், இரண்டில் தவறி விழுவது இன்னும் சுலபம். ஆட்டத்தை ஒழித்த பிறகு குட்டை லீவர் போடலாம். அதற்கு முன்பு போடுவது காசுக்குக் கேடு.

சிங்க்ரோ வளையம் இல்லாத, பல் கொண்ட டாக் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அதில் கியரைச் சட்டென்று தட்டிவிட வேண்டும். லிங்கேஜ் தளர்ந்திருந்தால் பல் மெதுவாக வந்து மோதி, முனை மழுங்கும். மழுங்கிய பல் பிறகு தானாகவே கழன்று வரும். கெட்டியான ராடு போட்ட பிறகு லீவர் முழுத்தூரம் போனதும் முட்டி நிற்க ஒரு தடுப்பும் வையுங்கள். இல்லாவிட்டால் ஆவேசத்தில் தள்ளுகிற கை, உள்ளே செலக்டர் ஃபோர்க்கை வளைத்துவிடும்.

சோதனை முறை எளியது. இரண்டு பேர், ஓர் அளவுகோல் போதும். காரைக் கியரில் போட்டு, ஒருவர் கைப்பிடியை மெதுவாக ஆட்ட, மற்றவர் காரின் அடியில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். எங்கே ராடு அசைந்தும் அடுத்த பாகம் அசையவில்லையோ, அங்கே ஆட்டம். பிறகு நியூட்ரலில் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் அதை மூன்று, நான்கு வரிசைக்குத் தானே கொண்டுவர வேண்டும். வராமல் நின்றால் மூட்டு இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது லீவரைப் பிடித்து இழுக்காமல், உள்ளங்கையால் நேர் பின்னால் தள்ளினால் அந்த ஸ்பிரிங்கே வரிசையைப் பார்த்துக்கொள்ளும். நம் நாட்டுக் கார்களில் இடது கையால், உடம்பிலிருந்து விலகித் தள்ளும் அசைவு இது. பலமாகத் தள்ளுகிறவனுக்குத்தான் இரண்டாம் கியர் வந்து மாட்டுகிறது. கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்றும் பாருங்கள். அது பிடித்திழுத்தால் எந்த லிங்கேஜும் பயன்படாது.

வெண்கல புஷ்ஷைப் போசரியில் லேத் வைத்திருக்கும் எவரும் அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். ராடு எண்டில் பூட்டு நட்டைப் போட மறக்கவேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் உள்ள பிள்ளைகள் ஞாயிறு காலையில் சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். தேய்ந்த புஷ்களையும் கையோடு எடுத்து வரவும்.