பருவம் பிறழும் காலத்தில் மனம் தளரா வேளாண்மை



விதை விதைக்கும் எவரும் மழையைக் கையில் பிடித்துக்கொண்டு விதைப்பதில்லை. கல்வராயன் மலையில் சாமையைப் புழுதியில் தூவிவிட்டு வானம் பார்க்கும் உழவருக்கு, நம்பிக்கை என்பது புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடம் அன்று. ஆயினும் அண்மைக் காலமாகப் பயிற்சி முகாம்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "பருவம் மாறிப்போச்சுன்னு சொல்றீங்க சார். மாத்தினவங்க எங்கேயோ இருக்காங்க. வருசா வருசம் கூட்டம் போட்டுக் கலைஞ்சு போறாங்க. நாங்க இங்க என்ன பண்ணி என்ன ஆகப்போகுது?" என்பதே அது.

இக்கேள்விக்கு இரகத்தையும் உரத்தையும் மட்டும் விடையாகக் கூறுதல் போதாது. இதில் பாதி பயிரியல்; மறுபாதி அரசியல். இரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால் மனச்சோர்வு குறையும். செய்ய வேண்டியதும் தெளிவாகும்.

2024 டிசம்பரில் நடந்தது

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து நகராமல் நின்று பெய்தது. தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சார்ந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் வட்டாரங்களில் ஆற்றங்கரை நிலங்கள் நீரில் மூழ்கின. சில வயல்களில் பயிர் அழுகியது; சிலவற்றில் மணல் மூடியது. மணல் மூடிய நிலத்தின் இழப்பு ஒரு பருவத்தோடு முடிவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எந்த ஒரு புயலையும் புவி வெப்பம் மட்டுமே உண்டாக்கியது என்று கூறுதல் ஆகாது. ஆனால் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதம் அதிகமாகிறது. சுமை கூடிய மேகம் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2024ஆம் ஆண்டே அளவீடுகள் தொடங்கிய பின் உலகம் கண்ட மிக வெப்பமான ஆண்டாகும். ஆண்டு மழையின் மொத்த அளவு பெரிதும் மாறாவிடினும், பெய்யும் நாட்கள் குறைந்து ஒரு நாளில் பெய்வது மிகுந்தால், மானாவாரிக்கும் இறவைக்கும் ஒருங்கே கேடு விளைகிறது.

செய்தவர் யார்? சுமப்பவர் யார்?

நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை எரிப்பதால் வெளிவரும் கரியமில வாயு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 14 டன் ஆகிறது. உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தியாவில் அது 2 டன் அளவே. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியில் இரண்டு ஏக்கர் சாமையும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் பங்கு அதிலும் சிறிது. ஆனால் மழை தவறும்போது முதலில் வாடுவது அவர்கள் பயிரே. "நாங்கள் செய்யாததற்கு நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?" என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது. உலக மாநாடுகளில் நடைபெறும் வாதத்தின் மையமும் இதுவே.

அதே வேளையில், மொத்த அளவில் இந்தியா உலகில் மூன்றாம் இடத்தில் உள்ளது என்பதையும் மறைத்தல் கூடாது. நம் பங்கை நாம் குறைப்பதும், பிறர் பங்கை அவர்கள் ஏற்கும்படி கேட்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல.

மாநாடுகள் வீணா?

1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் பருவநிலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 2015இல் பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. அமெரிக்கா அதிலிருந்து 2020இல் விலகி, 2021இல் மீண்டும் சேர்ந்து, 2025 ஜனவரியில் இரண்டாம் முறையாக விலகுவதாக அறிவித்தது. 2024 நவம்பரில் பாகூ மாநாட்டில், வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் தேவை என்று கேட்டன. கிடைத்ததோ, 2035ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற வாக்குறுதி மட்டுமே. இந்தியப் பேராளர் அவையிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். இவற்றைப் படிப்பவர் சோர்வடைவது இயல்பே.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டபோது, இந்நூற்றாண்டின் முடிவில் புவி வெப்பம் 3 முதல் 3.5 டிகிரி வரை உயரும் என்று மதிப்பிடப்பட்டது. நடைமுறையில் உள்ள கொள்கைகளின்படி 2.8 டிகிரி உயரும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2025இல் மதிப்பிட்டுள்ளது. இது போதாது, ஆபத்தான அளவே. எனினும் அரை டிகிரி என்பது பயிருக்கு எவ்வளவு என்பதை, பூக்கும் தருணத்தில் வெப்பம் கூடிப் பதரான நெல்லைக் கண்டவர்கள் அறிவர்.

மேலும் ஒரு செய்தி. கடல் உயர்ந்து நிலம் இழக்கும் சிறு தீவு நாடுகள், இழப்புக்கு ஈடு வேண்டும் என்று 1991இலேயே கேட்டன. பசிபிக் கடலின் வனுவாட்டு அவற்றுள் முன்னின்றது. இழப்பு மற்றும் சேத நிதியம் அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது 2022இல்தான். முப்பத்தோர் ஆண்டுகள்! அதில் இதுவரை சேர்ந்துள்ள தொகை தேவைக்கு மிகச் சிறிதே. ஆயினும், கேட்பதை நிறுத்தியிருந்தால் அதுவும் இல்லை. தென்னை வைப்பவன் முதலாண்டே காய் பறிப்பதில்லை அல்லவா?

அருகில் உள்ள அரசியல்

பாகூவில் முடிவாவதை நாம் மாற்ற இயலாது. ஆனால் சென்னையிலும் புதுதில்லியிலும் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியரகத்திலும் முடிவாகும் விதிகள் பல, உழவர்களின் குரலால் மாறியுள்ளன. இரண்டு எடுத்துக்காட்டுகள் வருமாறு:

முன்பு பயிர்ச் சேதம் 50 சதம் இருந்தால்தான் நிவாரணம் உண்டு. 2015இல் அது 33 சதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் மூன்றில் ஒரு பங்கு இழந்தவரும் உதவி பெறத் தகுதியுடையவரானார். ஃபெஞ்சல் புயலின்போது தமிழ்நாடு அரசு அறிவித்த எக்டருக்கு ரூ.17,000 நெல் நிவாரணமும் இந்த 33 சத அளவை ஒட்டியதே.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயலில் நெல் நீரில் மூழ்கி ஏற்படும் இழப்பு 2018இல் நீக்கப்பட்டது. தாழ்நில உழவர்களுக்கு இது பேரிழப்பு. மாநிலங்களும் உழவர்களும் தொடர்ந்து கேட்டுவந்ததன் பின், 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என 2025 நவம்பரில் மைய அரசு அறிவித்தது. இழப்பை 72 மணி நேரத்திற்குள் படத்துடன் தெரிவித்தல் வேண்டும்.

சாத்தனூர் நீர்த் திறப்பு குறித்தும், போதிய எச்சரிக்கை இல்லை என்று எதிர்க்கட்சிகள் குறை கூறின. எச்சரித்தே திறந்ததாக அரசு விளக்கம் அளித்தது. சட்டமன்றம் வரை இவ்விவாதம் சென்றது. யார் கூற்று சரி என்பதில் கட்சி பிரிந்து நிற்பதைவிட, "அடுத்த முறை எங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரம் முன்னதாக, யார் மூலம் செய்தி வரும்?" என்று ஊரார் கேட்டு விடை பெறுவது பயனுடையது.

வயலில் செய்ய வேண்டியவை

1. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்: எப்போதும் நீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருகிறது. 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள குழாயின் கீழ்ப் பாதியில் துளைகள் இட்டு, 15 செ.மீ. ஆழம் மண்ணில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்திற்குப் பின், குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்சினால் போதும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் நீர் குறையாமல் காக்க வேண்டும். இதனால் பாசன நீர் 30 சதம் வரை மிச்சமாகும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். உலகுக்குச் செய்யும் உதவி என்பதைவிட, கோமுகி, மணிமுக்தா அணைகளின் கடைமடைக்கும் நீர் சேரும் என்பதே இதன் முதல் பயன்.

2. தாழ்நிலத்திற்கு ஏற்ற இரகம்: ஆண்டுதோறும் நீர் தேங்கும் வயல்களில் நீண்ட கால இரகமான சி.ஆர்.1009 சப்-1 பயிரிடலாம். இளம் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

3. மூழ்கிய பயிரைத் தேற்றுதல்: முதலில் நீரை வடிக்க வேண்டும். பின்னர் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இட வேண்டும்.

4. மலையில் சிறுதானியம்: மரவள்ளி பணம் தரும் பயிர், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நிலம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால், விலை சரியும் ஆண்டிலும் மழை தவறும் ஆண்டிலும் வீட்டில் உணவு இராது. ஒரு பகுதியிலேனும் சாமை, கேழ்வரகு ஆகியவற்றைத் துவரை, அவரையுடன் கலந்து பயிரிடுக. அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தின் ஏ.டி.எல்.1 சாமை 85 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வரும். சரிவுக்குக் குறுக்கே உழுது, கல்வரப்பு இட்டால் மேல்மண் கோமுகி அணையில் போய்ப் படியாது.

5. காப்பீடு: சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதம் மட்டுமே உழவர் செலுத்த வேண்டிய கட்டணம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. புயல் எச்சரிக்கை கேட்ட பின் ஓடுவதைவிட, நட்ட உடனே பதிவு செய்வது நன்று.

ஊரில் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று ஏரி, வரத்து வாய்க்கால், வடிகால் ஆகியவற்றைத் தூர்வாரத் தீர்மானம் நிறைவேற்றக் கேளுங்கள். அக்டோபர் 2 வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் வருகிறது. அன்று வெள்ள எச்சரிக்கை, மேட்டு நிலத் தங்குமிடம், கால்நடைகளைப் பெயர்க்கும் வழி ஆகியவற்றைக் கேளுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். தீர்மானம் ஏட்டில் நிற்கும்.

ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் மழையளவையும், விதைத்த நாள், நீர் வந்த நாள், சேத அளவு ஆகியவற்றையும் நோட்டில் குறித்து வருதல் வேண்டும். பள்ளி மாணவர்கள் இதனைச் செய்யலாம். நிவாரணக் கணக்கெடுப்பு வரும்போது, "நிறைய மழை" என்பதைவிட, "மூன்று நாளில் இவ்வளவு செ.மீ." என்பது எடைமிக்க சொல்லாகும்.

முடிவுரை

எல்லாம் தானே சரியாகிவிடும் என்று இருப்பது நம்பிக்கை அன்று, அது அசட்டை. எல்லாம் முடிந்துவிட்டது என்று கைகட்டி இருப்பதும் அறிவுடைமை ஆகாது. களை மண்டிய வயலை முழுவதும் பார்த்து மலைப்பவர் ஒரு பாத்தியும் எடுப்பதில்லை. மனம் சோரும் நாளில் தனியே இராமல், உழவர் குழுவிலோ அக்கம்பக்கத்தாரிடமோ பேசுங்கள். தனி வயலில் தீராத வடிகால் சிக்கல் பத்து வயல்காரர் கூடினால் தீர்வதைப் போல, இச்சுமையும் கூடிச் சுமந்தால் இலகுவாகும்.

2025 ஜூன் மாத அளவில் நம் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி முதலிய எரிபொருள் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. 2030ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்ட இலக்கு இது. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியால் ஆவதே. எனினும் திசை மாறியுள்ளது.

எனவே கள்ளக்குறிச்சி மாவட்ட உழவர் பெருமக்கள், வரும் பட்டத்தில் ஒரு வயலிலேனும் நீர்மட்டக் குழாயைப் பதித்துப் பார்த்தும், பயிரைக் காலத்தே காப்பீடு செய்தும், அடுத்த கிராம சபையில் வடிகாலுக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் தீர்மானம் கேட்டும் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.