டீசல் எஞ்சினின் ஓய்வு வேகம் மிகுந்தால்: காரணம் காணும் முறை

கிராமங்களில் உழவுக்கும் கதிரடிப்பதற்கும் தண்ணீர்த் தொட்டி இழுப்பதற்கும் பழைய டீசல் டிராக்டர்கள் பல இன்றும் உழைத்து வருகின்றன. இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறுகளுள் ஒன்று, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னரும் எஞ்சின் வேகம் தணியாமல் இரைந்து ஓடுவதாகும். சுமையின்றி நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகத்தையே ஓய்வு வேகம் என்று இங்கே குறிப்பிடுகிறோம். மெக்கானிக்குகள் இதனை ஐட்லிங் என்பர்.

இக்கோளாறு தோன்றியதும் டிரைவர்கள் பெரும்பாலும் செய்வது யாது? ஸ்பானரை எடுத்துப் பம்பிலுள்ள திருகைத் திருப்பி, வேகத்தைக் குறைத்துவிடுவர். இரைச்சல் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். துருவேறிய கேபிள் சிக்கியதால் வேகம் மிகுந்திருந்ததென வைத்துக்கொள்வோம். திருகைத் தளர்த்திய பிறகு ஒருநாள் அந்தக் கேபிள் தானே விடுபட்டால், எஞ்சின் ஓட வேண்டிய அளவினும் தாழ்ந்து, வரப்பு ஏற்றத்திலோ சாலைத் திருப்பத்திலோ அணைந்து போகும். ஆகவே, காரணத்தை முதலில் காண்க; திருகை இறுதியில் தொடுக. இதுவே இப்பாடத்தின் சாரம்.

மிகுந்த வேகத்தால் விளையும் தீங்கு

டீசல் வீணாவது ஒரு நட்டம். கிளட்சை மிதித்துக் கியர் போடும்போது பற்கள் உரசித் தேய்வது மற்றொன்று. இவற்றினும் பெரிது உயிருக்கு நேரும் ஆபத்து. வேகம் மிகுந்த நிலையில் கிளட்சை விட்டால் டிராக்டர் திடீரெனப் பாயும். கதிரடிக்கும் இயந்திரம் இணைக்கப்பட்டிருக்குமாயின், சுழல்தண்டு எதிர்பாராத வேகத்துடன் சுற்றத் தொடங்கும். அருகில் நிற்பவர் வேட்டியோ சேலையோ அதில் சிக்கினால் மீட்க அவகாசம் இராது.

எஞ்சின் வேகத்தை அடக்குவது எது?

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியியலறிஞர் 1897-ஆம் ஆண்டில் தம் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெயைச் செலுத்தி எரிப்பதே அதன் தத்துவம். எவ்வளவு எண்ணெய் செல்கிறதோ அதற்கேற்பவே ஆற்றல் பிறக்கிறது. பழைய வண்டிகளில் எண்ணெயை அளந்து அனுப்புவது டீசல் பம்பு. வேகம் ஏறினால் எண்ணெயைக் குறைத்தும், தாழ்ந்தால் கூட்டியும் சமன்செய்வது பம்புடன் இணைந்த கவர்னர். எனவே ஓய்வு வேகம் மிகுவதற்கு மூன்றே வழிகள் உண்டு:

1. ஆக்ஸிலேட்டர் இணைப்பு, தன் நிலைக்குத் திரும்பாமல், மிகுதியான எண்ணெயைக் கேட்டுக்கொண்டிருத்தல்.
2. கவர்னரோ பம்போ எண்ணெயைக் குறைக்கத் தவறுதல்.
3. பம்பின் வழியே அன்றி, வேறு வழியாக எண்ணெய் எஞ்சினுக்குள் புகுதல்.

கணினியால் எரிபொருளை ஆளும் புதிய வண்டிகளுக்கு இம்முறை முழுவதும் பொருந்தாது. அவற்றைப் பழுதுபார்ப்புக் கூடத்திலேயே சோதித்தல் வேண்டும்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டுவன

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க. சுழல்தண்டின் இணைப்பை விடுவிக்க. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. புகையிலுள்ள நச்சுவாயு உயிரைப் பறிக்க வல்லது. தோளில் துண்டோடு விசிறி பெல்ட்டின் அருகில் குனிதலும் கூடாது.

அடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிடுக. குளிர்ந்த எஞ்சினில் கெட்டியான எண்ணெயின் உராய்வு மிகுதி. சூடேறியதும் உராய்வு குறைந்து வேகம் சற்று ஏறும். காலையில் குளிர்ந்த நிலையில் யாரேனும் திருகை அமைத்திருந்தால், நண்பகலில் வேகம் மிகுந்து காட்டுவது இயல்பு. பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஓய்வு வேகம் நிமிடத்திற்கு 600 முதல் 850 சுற்றுகளுக்குள் அமையும். உங்கள் வண்டிக்குரிய அளவை அதன் கையேட்டில் கண்டு, மீட்டருடன் ஒப்பிடுக.

வேகம் ஒரே சீராக உயர்ந்திருக்கிறதா, அன்றி ஏறி இறங்குகிறதா என்பதையும் கவனிக்க. ஏறி இறங்குமாயின், டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். ஃபில்டரும் குழாய் இணைப்புகளும் முதலில் பார்க்கத்தக்கவை.

முதற்படி: ஆக்ஸிலேட்டர் இணைப்பு

எளியதும் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதும் இதுவே. கை ஆக்ஸிலேட்டர் முழுவதும் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா? கால் மிதியடியில் சேறு உலர்ந்து அடைத்திருக்கிறதா? இழுத்துப்பிடிக்கும் ஸ்பிரிங் அறுந்தோ தளர்ந்தோ போயிற்றா?

இவை சரியாக இருப்பின், எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்பின் நெம்புகோலிலிருந்து கேபிளை அல்லது கம்பியைக் கழற்றுக. நெம்புகோல் ஓய்வுத் திருகின் முனையைத் தொட்டு நிற்குமாறு வைத்து, மீண்டும் எஞ்சினை இயக்குக. இப்போது வேகம் தணிந்தால் குறை கேபிளிலோ கம்பியிலோதான். துருவை நீக்கி எண்ணெயிட்டால், அல்லது புதிய கேபிள் மாற்றினால் போதுமானது. நெம்புகோல் திருகைத் தொட்டும் வேகம் குறையவில்லையெனில் அடுத்த படிக்குச் செல்க.

இரண்டாம் படி: கவர்னர்

பழைய டீசல் ஜீப்புகளிலும் சில டிராக்டர்களிலும் காற்றிழுப்பால் இயங்கும் கவர்னர் உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பம்பின் பின்புறத்திற்குச் செல்லும். அங்கே தோலாலோ ரப்பராலோ ஆன சவ்வு ஒன்று இருக்கிறது. காற்றிழுப்பு இச்சவ்வை இழுத்து எண்ணெயைக் குறைக்கும். எதிரிலுள்ள ஸ்பிரிங் எண்ணெயைக் கூட்டும். குழாயில் வெடிப்பு விழுந்தாலோ சவ்வு கிழிந்தாலோ, ஸ்பிரிங்கை எதிர்க்க எதுவுமின்றி எஞ்சின் வேகம் கட்டுமீறும். ஆதலால், இக்குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது.

சவ்வைச் சோதிக்கும் வழி எளிது. எஞ்சின் ஓடாத நிலையில், பம்பின் நிறுத்தும் நெம்புகோலை நிறுத்தும் பக்கம் தள்ளிப் பிடிக்க. குழாய் பொருந்தும் வாயை ஈரவிரலால் அழுத்தி மூடியபின் நெம்புகோலை விடுக. அது சற்றே நகர்ந்து பின் தயங்கி நின்றால் சவ்வு நலமாக உள்ளது. தடையின்றித் தன் இடத்திற்கு ஓடிவிட்டால் சவ்வு கசிகின்றது, மாற்றுதல் வேண்டும்.

எடைக்கற்களால் இயங்கும் கவர்னராயினும், பம்பினுள் அளவுத்தண்டு சிக்கியிருப்பினும் கிராமத்தில் பிரித்துப் பார்க்க முனைய வேண்டா. அவை டீசல் பம்புக் கூடத்தில், தக்க சோதனை மேடையில் பார்க்கப்பட வேண்டியவை. அதிக வேகத்திற்கு எல்லை வகுக்கும் திருகு ஈயமுத்திரையிடப்பட்டிருக்கும். அம்முத்திரையை உடைத்தல் தகாது.

மூன்றாம் படி: வேறுவழி எண்ணெய்

டீசலை நிறுத்தும் கம்பியை இழுக்க. எஞ்சின் உடனே அணைந்தால் பம்பு எண்ணெயை நிறுத்தவல்லது என்று அறியலாம். அணையாமல் ஓடினால், அல்லது தயங்கித் தயங்கி அணைந்தால், எஞ்சின் வேறு எண்ணெயைக் குடிக்கிறதோ என ஐயுறல் வேண்டும்.

எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனரில் குறியிட்ட அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தால், அது காற்றுடன் உள்ளே இழுக்கப்படும். எஞ்சின் ஆயில் மிகுந்தாலும், மூச்சுக்குழாய் காற்றுவழியுடன் இணைந்த எஞ்சின்களில், இவ்வாறே நேரும். அளவுக்கோலை இழுத்துப் பார்க்க. ஆயில் மட்டம் தானாக ஏறி, டீசல் வாடையும் வீசுமாயின், டீசலை ஏற்றும் சிறு பம்பின் சவ்வு கிழிந்து டீசல் ஆயிலுடன் கலந்திருக்கலாம். அந்நிலையில் எஞ்சினை இயக்காமல், பம்பைச் செப்பனிட்டு ஆயிலை மாற்றுக. நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

எஞ்சின் அடங்காமல் வெறிகொண்டு ஓடினால், அருகிலிருப்போரை விலக்கி, காற்றுப்புகும் வாயைத் தடித்த பலகையால் மூடுக. காற்றின்றேல் எரிதல் இல்லை. உள்ளங்கையால் மூட முயல்வது பெருந்தவறு. கைக்குக் கடுங்காயம் நேரும்.

இறுதியில் திருகு

மேற்கூறிய யாவும் சரியெனக் கண்டபின்னரே, சூடான எஞ்சினில் ஓய்வுத் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றாகத் திருப்பி, மீட்டரைப் பார்த்து அமைக்க. நட்டை இறுக்கியபின் ஆக்ஸிலேட்டரை இருமுறை மிதித்து விடுக. வேகம் அணையாமலும் தயங்காமலும் அதே அளவுக்குத் திரும்ப வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

பொதுவண்டி பலர் கைப்படுவது. யார் எப்போது எதைத் திருப்பினார் என்பது தெரியாமற் போவதே பாதிக் கோளாறுகளை வளர்க்கிறது. ஆகவே வண்டியுடன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நாள், ஆயில் மட்டம், ஏர் கிளீனர் சுத்தம் செய்த தேதி, திருகு அமைத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதச் செய்க. அறுவடைக்கு முன்பே கேபிள்களுக்கு எண்ணெயிட ஏற்பாடு செய்க. சில ரூபாய்ச் செலவில் முடியும் இவ்வேலை, களத்து மேட்டில் ஓர் உழவரின் கையையோ உயிரையோ காக்கவும் கூடும்.