கோடு போடுவதற்கு முன்னால்

ஸ்ரீரங்கம்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

காஜாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தொலையுணர்வு படிக்கக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஐதராபாத்தில் வேலைக்குச் சேரப் பார்க்கிறாயாமே, உன் அப்பா போனில் சொன்னான். இரவு ஷிஃப்ட். செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களின் ஓரமாகக் கோடு இழுக்கும் வேலை. ரெண்டு வருஷம் படித்தாலும் இதே வேலைதானே கிடைக்கும் என்கிறாயாம். அவன் குரலே சரியில்லை. எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. முடிவு உன்னுடையதுதான், நான் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள், போதும்.

வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். மென்பொருளை நீ வீட்டிலேயே கற்றுக்கொண்டுவிடுவாய். கியூஜிஐஎஸ் காசில்லாமல் கிடைக்கிறது. 1972 முதல் எடுத்த லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம். பிறகு பல்கலைக்கழகம் எதற்கு என்று நீ கேட்பது நியாயம். ஆனால் படம் ஏமாற்றும் இடத்தை உனக்கு யார் காட்டிக்கொடுப்பார்கள்?

நம் நாட்டுச் செயற்கைக்கோளின் லிஸ்-3 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர். நம் உத்தர வீதியில் அதற்குள் எத்தனை வீடு அடங்கும், எண்ணிப் பார். காய்ந்த கொள்ளிடத்து மணலும் சிமென்ட் தளமும் அதில் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. கணினியை மட்டும் நம்பினால் ஆற்றுக்குள் ஊர் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆகாயத்தாமரை மூடிய குளம், அகச்சிவப்புப் பட்டையைச் சேர்த்த படத்தில் பயிர் வயலாகச் சிவந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாவைப் பார்க்கலாம் என்றால் மேகம் மறைத்துவிடும். அப்போது ரேடார் படம்தான் கதி, அதைப் படிப்பது தனி வித்தை. இதையெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். பிறகு நீயே போய்ப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்ப்பதுதான் முக்கியம். உத்தமர்சீலி வாழைத் தோட்டத்தை மறந்துவிட்டாயா? மூன்று தலைமுறையாகக் குலை வெட்டிய நிலம், படத்தில் ஆற்றுப் புறம்போக்கு. அந்த மண்ணில் கால் வைக்காத ஒருவர் மேசையில் உட்கார்ந்து இழுத்த கோடு அது. உன் தாத்தா பட்டாவைத் துணிப்பையில் சுமந்துகொண்டு படியேறி இறங்கியே ஓய்ந்துபோனார். நிலம் திரும்பி வந்தபோது அவர் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. நம் வீட்டுப் பெண்ணும் பார்க்காத ஊர்களுக்கு ராத்திரியெல்லாம் கோடு இழுக்கப் போகிறாள் என்றால் என் மனசு எப்படித் தாங்கும்?

நேரில் போய் அளந்தவர் என்றால் லாம்டன்தான். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய அவர், கோணம் அளக்கும் தியோடலைட்டைக் கோயில் கோபுரங்களின் மேலெல்லாம் ஏற்றினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அது மோதிச் சேதமானபோது, தானே வாரக்கணக்கில் உட்கார்ந்து சீர் செய்தார். அந்தப் பிடிவாதம் வேண்டும்.

படம் மட்டும் போதாது என்பதற்கு நம் ஆறே சாட்சி. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் ஒன்பதை ஆறு அடித்துக்கொண்டு போனது. அதற்கு முந்தைய முப்பது வருஷப் படங்களை வரிசையாக வைத்தால், மணல்திட்டு எங்கே தேய்ந்தது, நீரோட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று தெரியும். ஆனால் ஆற்றுப் படுகை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அந்தப் படங்கள் சொல்லாது; ஆற்றில் இறங்கி அளக்க வேண்டும். காஜாமலையில் படித்தால் காலையில் படத்தைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் முக்கொம்பில் நிற்கலாம். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறைக்கு இப்படி ஓர் ஆறு வாசலிலேயே இருக்கிறது.

இதைப் படிக்கச் சென்னையில் கிண்டியும் நல்ல இடம்தான். டேராடூனில் 1966-லிருந்தே இதற்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது, பெரிய பெயர். ஆனால் அந்தக் குளிர் உன் இளைப்புக்கு ஆகாது. ஐதராபாத் இரவு ஷிஃப்ட்டும் ஆகாது. இல்லை, ஐதராபாத்துக்குத்தான் போவேன் என்றால் போ, நான் தடுக்க மாட்டேன். சேர்வதற்கு முன்னால், படத்தைப் பார்த்த பிறகு களத்துக்கு அனுப்புவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்.

நிறையப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உன்னைவிடக் கெட்டிக்காரி நம் குடும்பத்தில் பிறக்கவில்லை, எங்கே போனாலும் ஜெயிப்பாய். ஃபீஸ் பற்றி உன் அப்பாவிடம் வாயைத் திறக்காதே, அது என் பொறுப்பு. ஐதராபாத் என்றாலும் முதல் மாத வாடகை நான் அனுப்புகிறேன். மாடி அறைக்குப் புது ஃபேன் போட்டாயிற்று. பெரியம்மா உனக்காக மோர்மிளகாய் காயவைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

அன்புடன்
பெரியப்பா