பூட்டு உள்ள சரக்கு: வீடியோ கேம் மெஷின் விற்போர் அறிய வேண்டியவை



பலசரக்குக் கடைக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மேலகரத்தில் கடை வைத்திருப்பவருக்குச் சம்பந்தம் உண்டு. சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ஜனம் நம் வாசல் வழியாகப் போகிறது. அரிசி பருப்புக் கடையிலும் ஓர் ஓரத்தில் பொம்மையும் பேட்டரியும் விளையாட்டுச் சாமானும் தொங்குகின்றன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த மெஷினை, "அண்ணாச்சி, இத வித்துக் குடுங்க" என்று கடையில் வைத்துவிட்டுப் போவதும் வழக்கம். அந்தப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்று இருக்கலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2003ஆம் ஆண்டு சீசனுக்குச் சென்னையில் ஒரு பார்ட்டியிடம் ஆறு கேம் மெஷினும் நாற்பது டிஸ்க்கும் கொள்முதல் செய்தோம். உள்ளூர் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குப் பிரித்துக் கொடுத்தோம். நான்கே நாளில் முதல் மெஷின் திரும்பி வந்தது. மெஷின் ஓடுகிறது, ஆனால் டிஸ்க்கை ஏற்க மறுக்கிறது. இரண்டாவது மெஷினில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றாவதை ஒரு வீட்டில் நேரடியாக பிளக்கில் சொருக, புகை வந்து அணைந்துவிட்டது. நல்ல வேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்களிடம் வாங்கிய கடைக்காரர் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, உங்கள நம்பித்தான் அவருக்குக் கொடுத்தேன். இப்ப ரோட்டுல பார்த்தா மூஞ்சியத் திருப்பிட்டுப் போறாரு" என்று மட்டும் சொன்னார். ஆறு மெஷினையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். சென்னை பார்ட்டிக்கு டிரங்க் பெட்டி நிறையக் கோபத்தோடு போன் செய்தால், "பில்லைப் பாருங்க சார்" என்றார். பார்த்தோம். சரக்கின் பெயருக்குப் பின்னால் 'ஜே' என்று ஓர் எழுத்து இருந்தது. ஜப்பான் சரக்கு என்று பொருளாம். டிஸ்க்குகளோ ஐரோப்பாவுக்கு அச்சிட்டவை. வெல்லத்தை விரலால் அழுத்தி ரகம் சொல்கிற நாங்கள், பில்லில் இருந்த ஓர் எழுத்தைப் படிக்கவில்லை.

நமக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1990களில் நம் கடைகளில் விற்ற மலிவு டி.வி. கேம் மெஷின்கள், ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983இல் வெளியிட்ட 'பேமிகாம்' மெஷினைப் பார்த்துச் செய்த நகல்கள். எந்தக் கடையில் வாங்கிய கேசட்டும் எந்த மெஷினிலும் ஓடியது. அதனால் 'கேசட் என்றால் எல்லாம் ஒன்றுதான்' என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் அதே கம்பெனி 1985இல் அமெரிக்காவில் விற்ற மெஷினில் பூட்டு வைத்தது. ஜப்பான் கேசட்டுக்கு 60 பின், அமெரிக்கக் கேசட்டுக்கு 72 பின். அதோடு, மெஷினில் ஒரு சில்லும் கேசட்டில் ஒரு சில்லும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஆட்டம் தொடங்கும். நம் ஊர் நகல் மெஷினில் அந்தச் சில் கிடையாது. பூட்டே இல்லாத வீட்டில் குடியிருந்தவர்கள் நாம்.

டிஸ்க் வந்தபிறகு பூட்டு இன்னும் நுணுக்கமாயிற்று. சோனியின் பிளேஸ்டேஷன் (1994), பிளேஸ்டேஷன் 2 (2000) ஆகியவற்றில் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்தார்கள். டிஸ்க்கில் வட்டாரக் குறி பதிந்திருக்கும். மெஷின் அதைப் படித்து, தன் வட்டாரம் இல்லையென்றால் தள்ளிவிடும். நம் நாட்டு டி.வி. முறை 'பால்' என்பதால் நாம் ஐரோப்பாவோடு சேர்ந்த கணக்கு. ஜப்பானும் அமெரிக்காவும் 'என்.டி.எஸ்.சி.' முறை. கறுப்பு வெள்ளைப் படம் வந்தது அதனால்தான். புகை வந்த கதை தனி: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230.

ஏன் இப்படிப் பூட்டுகிறார்கள்? ஒரு நாட்டில் ஒரு விலை, இன்னொரு நாட்டில் வேறு விலை. ஒரு நாட்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால் வெளியீடு. மலிவான இடத்துச் சரக்கு விலை கூடிய இடத்துக்குப் போகக்கூடாது, அந்தந்த நாட்டு விநியோகஸ்தர் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பதே நோக்கம். மொத்த வியாபாரிகளான எங்களுக்கு அந்தக் கணக்கு புரியாமல் இல்லை. ஏரியா பிரித்து ஸ்டாக்கிஸ்ட் வைப்பது சோப்புக் கம்பெனியும் செய்வதுதான். ஆனால் பக்கத்து ஏரியாவில் வாங்கிய சோப்பு நம் வீட்டுக் குளியலறையில் நுரைக்க மாட்டேன் என்று சொல்வதில்லை.

வாடிக்கையாளர்கள் உலகெங்கும் முணுமுணுத்ததில் பூட்டு தளர்ந்துகொண்டு வந்திருக்கிறது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இல் அதற்கென வந்த கேம்களுக்குப் பெரும்பாலும் வட்டாரப் பூட்டு இல்லை. மைக்ரோசாப்ட் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷினுக்கு அறிவித்த பூட்டை, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஜூன் மாதத்தில் திரும்பப் பெற்றது. நின்டெண்டோ 2011இல் 3டி.எஸ். மெஷினைப் பூட்டியது, 2017இல் வந்த ஸ்விட்ச்சில் பூட்டை எடுத்துவிட்டது.

அப்படியானால் இனிக் கவலை இல்லையா? உண்டு. பூட்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 மெஷினை எடுத்துக்கொள்வோம். கேம் எந்த நாட்டு டிஸ்க்கானாலும் ஓடும். சினிமா டிஸ்க் அப்படியல்ல. டிவிடிக்கு இந்தியா 5ஆம் மண்டலம், துபாய் 2, சிங்கப்பூர் 3. புளூரே டிஸ்க்குக்கு இந்தியா 'சி', துபாய் 'பி', சிங்கப்பூர் 'ஏ'. துபாய் மெஷின் வாங்கியவர் இந்தியப் புளூரே படம் ஓடவில்லை என்று வந்து நின்றால், மெஷினில் கோளாறு கிடையாது.

இன்னொன்று, ரீசார்ஜ் செய்கிற நம் சிறு வணிகர்களுக்கு நேரடியாகப் படுவது: கிப்ட் கார்டு. பிளேஸ்டேஷன் கணக்கு எந்த நாட்டில் தொடங்கப்பட்டதோ அந்த நாட்டுக் கார்டைத்தான் ஏற்கும். கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. துபாயில் கணக்குத் தொடங்கிய பையனுக்கு நம் ரூபாய்க் கார்டை விற்றால், சுரண்டிய கார்டை அவனும் பயன்படுத்த முடியாது, நாமும் திரும்ப வாங்க முடியாது. விற்குமுன் "தம்பி, கணக்கு எந்த ஊர்ல ஆரம்பிச்சது?" என்ற ஒரு கேள்வி போதும். டிஸ்க்குக்குப் பின்னால் காசு கொடுத்து இறக்கும் கூடுதல் பாகங்களுக்கும் டிஸ்க்கின் வட்டாரமும் கணக்கின் வட்டாரமும் பொருந்த வேண்டும்.

உபரிச் சாமான்களில் முக்கியமானது அடாப்டர். எக்ஸ்பாக்ஸ் 360இன் அமெரிக்க அடாப்டர் நம் 230 வோல்ட்டைத் தாங்காது. பழைய மெஷின்கள் இன்றும் கை மாறுகின்றன, எனவே லேபிளில் 100-240 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பிளக்கைத் தொட வேண்டும். ஜப்பானிய பிளேஸ்டேஷன் 4 வரை வட்டப் பொத்தான்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நேர்மாறு. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல்தான் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக்கினார்கள். கை பழகாதவர் கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று சண்டைக்கு வருவார்.

பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று சில்லு வைத்துக் கொடுப்போர் உண்டு. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அந்த வேலைக்கு நம் கடை மேஜை வேண்டாம்.

சட்டத்தின் பக்கம் இன்னும் இரண்டு. வீடியோ கேம் மெஷின், மத்திய அரசின் கட்டாயப் பதிவு ஆணையில் உள்ள பொருள். விற்பனைக்கு வரும் மெஷினில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குறியும், 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஆகியவை வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதி. பருப்புப் பாக்கெட்டுக்கு நாம் பார்க்கிற அதே விதிதான். பயணி தன் உபயோகத்துக்கென்று கொண்டுவந்த பெட்டியில் இவை இராது. அதை வாங்கி அடுக்கி வைத்தால், ஆய்வுக்கு வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். கொள்முதல் பில்லும் இராது; ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவும் இராது. கம்பெனி வாரண்டியும் பெரும்பாலும் விற்ற நாட்டோடு நின்றுவிடும்.

இப்போது எங்கள் கடையில் ஒரு பழைய டி.வி.யும் ஒரு புது டி.வி.யும் எதற்கென்றே வைத்திருக்கிறோம். சீசன் சரக்கு வந்தால் லாட்டுக்கு ஒன்றைப் பிரித்து, வாங்குகிறவர் முன்னால் டிஸ்க் போட்டு ஓட்டிக் காட்டுகிறோம். பில்லில் மெஷினின் வட்டாரம், வோல்ட், வாரண்டி எந்த நாட்டில் என்ற மூன்றையும் தமிழில் எழுதுகிறோம். இதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ஊருக்கு வந்த பிள்ளைகள் கொண்டுவருகிற பெட்டியை வாங்குவதில்லை. "உங்க வீட்டுலயே வெச்சு விளையாடுங்க தம்பி" என்று அனுப்பிவிடுகிறோம். அவர்களில் இரண்டொருவருக்கு எங்கள் மேல் வருத்தம்தான்.