நோட்டம் விடுபவரின் கணக்கு தப்பட்டும்

சங்கிலி பறிப்பவரும் பூட்டிய வீட்டை உடைப்பவரும் பெரும்பாலும் முதலில் செய்வது நோட்டம் விடுவதுதான். யார் எத்தனை மணிக்கு நடக்கப் போகிறார், எந்த வீட்டில் பகலில் ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. நேரம் பிசகாத நம் பழக்கமே அந்தத் துப்பைக் கொடுத்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளக் காசு செலவில்லை.

1. எழுதிப் பாருங்கள்: கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், போகும் வழி ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வையுங்கள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அந்நியர் ஒருவர் இதில் எதையெல்லாம் ஊகிக்க முடியும் என்று யோசியுங்கள். மாற்ற வேண்டியவை அவைதான்.

2. நேரம்: அலுவலகமும் பள்ளியும் நம் கையில் இல்லை. நடைப்பயிற்சி, கோயில், காய்கறிக் கடை நம் கையில் உண்டு. இருட்டோடு நடக்கக் கிளம்புபவர்கள் விடிந்தபின் போகலாம். சில நாள் மாலைக்கு மாற்றலாம்.

3. வழி: இரண்டு மூன்று பாதைகளை வைத்துக்கொண்டு மாறி மாறிப் போங்கள். புதுவழி என்பதற்காக ஆளில்லாத சந்தில் நுழையாதீர்கள். விளக்கும் திறந்த கடைகளும் உள்ள தெருவே நல்லது. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்க ஓரமாக நடந்தால் அந்தப் பக்க வண்டிகள் எதிரே வருவது கண்ணில் படும். பைக்கில் பின்னாலிருந்து உரசிக்கொண்டு வந்து பறிப்பது கடினமாகும். கைப்பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள்.

4. பணம்: சம்பளம், ஓய்வூதியம் வந்த அன்றே மொத்தமாக எடுக்கும் வழக்கத்தை விடுங்கள். நகைக்கடன் பணத்தோடு வங்கியிலிருந்து வந்தால், வழியில் டீ குடிக்க நிற்காமல் நேரே வீட்டுக்குப் போங்கள். பணத்தை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டு நகராதீர்கள். “சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு” என்று பத்து ரூபாய்த் தாள்களைக் காட்டினால் குனியாதீர்கள். கவனத்தைத் திருப்பிப் பையைத் தூக்கும் பழைய தந்திரம் அது.

5. வீடு: சாவியை மீட்டர் பெட்டியிலோ பூந்தொட்டிக்கு அடியிலோ வைக்காதீர்கள். வெளியூர் போனால் பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாசலில் அவை சேர்ந்து கிடப்பதே ஆளில்லை என்பதற்கு அடையாளம். உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது கவனிப்பார்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்தபின் ஸ்டேட்டஸில் வையுங்கள்.

6. சொல்லிவிட்டுப் போங்கள்: அந்நியருக்குப் புரியாத உங்கள் போக்குவரவு வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எந்த வழி, எத்தனை மணிக்குள் என்று ஒரு வார்த்தை போதும். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்குப் போகாதீர்கள். கூட்டமுள்ள கடைக்குள் நுழைந்து 112-ஐ அழையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த வாரம் ஒன்றை மாற்றுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை.