உப்புக்காற்றின் மேல் பழி போடாதீர்கள்

“அந்தமான் காத்துக்கு இதெல்லாம் ஆறு மாசம் தாங்காது சார்.”

ஜங்லிகாட்டில் ஒரு அம்மா சொன்னார். ஹேவ்லாக் போகும் படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் சொன்னார். போன மாதம் ஒரு பள்ளியில், திரையில் வரும் எழுத்தைப் பார்வையற்ற பிள்ளைகள் விரலால் வாசிக்க உதவும் பிரெய்ல் டிஸ்ப்ளேயை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியையும் காட்டிப் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு வருடமாக வெளியே எடுக்கவே இல்லையாம். எடுத்துப் பார்த்தோம், உயிரில்லை. “பாத்தீங்களா, உப்புக்காத்து!” மூன்று பைகளையும் இரும்புக் கதவையும் தாண்டி அந்தக் காற்று எப்படி உள்ளே போனது என்று கேட்டேன். பதில் இல்லை.

அதைக் கொன்றது பீரோதான். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் மின்னழுத்தம் தானாக இறங்கிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் சார்ஜரைச் செருகினாலும் எழாது. கொஞ்ச நாள் எடுத்துவைக்கத்தான் வேண்டுமென்றால் பாதி சார்ஜில் வையுங்கள், மாதம் ஒருமுறை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, தினமும் பிள்ளை கையில் கொடுப்பது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒரு பிரெய்ல் எழுத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு 8 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று. மின்சாரம் கொடுத்தால் பட்டை வளையும், பிளாஸ்டிக் முனையை மேலே தள்ளும். 40 கட்டம் உள்ள கருவியில் இப்படி 320 முனைகள். ஒவ்வொன்றும் தலைமுடி அளவு இடைவெளியில் ஏறி இறங்குகிறது. அந்த இடைவெளியை அடைப்பது எது? நம் விரல். வியர்வை, தேங்காய் எண்ணெய், முறுக்குத் தூள், கருவாட்டுப் பிசுக்கு. என் மேசைக்கு வந்த கருவிகளைத் திறந்து முனைகளைக் கழற்றிப் பார்த்தவன் சொல்கிறேன்: உள்ளே இருந்தது கடல் உப்பு அல்ல, சமையலறை.

ஒரு முனை எழாவிட்டால் என்ன ஆகும்? தமிழில் ழகரத்துக்கு 1, 2, 3, 5, 6 ஆகிய புள்ளிகள். ஆறாம் புள்ளி அமுங்கிக் கிடந்தால் மிச்சம் 1, 2, 3, 5. அது ரகரம். ஒரு சிறுமி மழையை ‘மரை’ என்றும் வழியை ‘வரி’ என்றும் வாசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடிவே கட்டிவிட்டார்கள். வரியை ஒரு கட்டம் நகர்த்திப் பார்த்திருந்தால் போதும்: தவறு எழுத்தோடு நகர்ந்தால் மென்பொருளைப் பாருங்கள், அதே இடத்தில் நின்றால் முனையைப் பாருங்கள்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாக உலர்த்திவிட்டுத் தொடுங்கள். கருவியை அணைத்துவிட்டு, நூல் உதிராத துணியை லேசாக ஈரப்படுத்தித் துடையுங்கள். துணியைத்தான் நனைக்க வேண்டும், கருவியை அல்ல. தையல் மெஷின் எண்ணெய் விடுகிற புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு; நீங்கள் விட்ட எண்ணெயில் ஒட்டிய தூசியை எடுக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

ஈரத்தால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊர் இது. ஏசி அறையில் குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் சுவிட்ச் போடாதீர்கள், உள்ளே நீர் முத்துக் கட்டியிருக்கும். பையிலேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும். படகில் நனையவும் விடாதீர்கள். அவ்வளவுதான். பீங்கான் பட்டைக் கட்டங்களைச் செய்வதில் பெயர்பெற்ற இரண்டு நிறுவனங்களில் ஜெர்மனியின் மெட்டெக் ஒன்று, ஜப்பானின் கேஜிஎஸ் மற்றொன்று. ஜப்பானைச் சுற்றி என்ன பாலைவனமா இருக்கிறது?

தீவுக்காரனுக்கு உண்மையான தலைவலி வேறு. தனி லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்பது 2016 ஏப்ரல் முதல் உலக விதி. சென்னையில் கடைக்காரர் “அந்தமானா? அனுப்ப முடியாதே” என்று கைவிரிப்பது இதனால்தான். கப்பலில் வரவழைக்கலாம், மூன்று நாள் கடல், அதற்கு முன் கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்கள் தனிக் கணக்கு. ஊரிலிருந்து யாராவது வந்தால், பேட்டரியின் மின்முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்குத் தடையில்லை.

மற்ற வதந்திகளுக்குத் தலா ஒரு வரி போதும். ஷாக் அடிக்குமா? உள்ளே சுமார் 200 வோல்ட் உண்டு, ஆனால் மின்னோட்டம் அற்பம், விரல் தொடுவதோ பிளாஸ்டிக். ஒரு கட்டம் கெட்டால் கருவியே குப்பையா? பீங்கான் பட்டைக் கருவிகளில் பெரும்பாலும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றலாம். தமிழ் வராதா? கருவிக்குத் தெரிந்தது புள்ளி மட்டுமே, மொழி மென்பொருளின் பாடு. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளில் தமிழ் பிரெய்ல் அட்டவணை இருக்கிறது. எல்லாமே வெளிநாட்டுச் சரக்கா? 2019இல் ஐஐடி டெல்லி வெளியிட்ட டாட்புக்கில் சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸுக்கும் பங்கு உண்டு.

கடைசியாக ஒன்று, இது என் பழைய சண்டை. “போன்தான் பேசுதே, பிரெய்ல் எதுக்கு?” பேசும். ‘பணி’, ‘பனி’ இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும். எழுத்தை விரலால் தொடாத பிள்ளை ணகரமா னகரமா என்று எதை வைத்து எழுதும்? ண என்றால் 3, 4, 5, 6. ன என்றால் 5, 6. விரலுக்கு இரண்டும் வேறு வேறு. லட்சத்தைத் தாண்டும் கருவி வரும்வரை சிலேட்டும் குத்தூசியும் போதும். அவற்றுக்குப் பேட்டரி கிடையாது, விமானத்தில் ஏற்றத் தடையும் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலேயே கொடுங்கள்.

அந்தப் பள்ளிக்குப் புது பேட்டரி கப்பலில் வருகிறது. பீரோச் சாவியை இப்போது நான் வைத்திருக்கிறேன்.