கனமான அடுப்பை ஒருவரே வேனில் ஏற்றும் முறை

நெல் அவிக்கவும் விருந்துச் சமையலுக்கும் பயன்படும் இரும்பு அடுப்பு 120 கிலோ எடையிருந்தால், அதைத் தனியாளாகத் தூக்க முயல்வது தவறு. ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. ஆயினும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி உழவர்களுக்கு, ஆட்கள் ஆலை வேலைக்குச் சென்றுவிட்ட நாளில் துணை கிடைப்பது அரிது. அப்போது சாய்பலகையே துணை.

அடுப்பு ஆறியதும் சாம்பலை அகற்றி, கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றுக. வேனைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். வேன் தளம் 75 செ.மீ. உயரமெனில், 3 மீட்டர் நீளமுள்ள உறுதியான பலகையைச் சாய்த்து, அதன் மேல்முனையை வேனுடன் கட்டுக. இச்சரிவில் எடையின் கால்பங்கான 30 கிலோவும், அதனுடன் உராய்வும் சேர, சுமார் 60 கிலோ அளவுக்கு இழுக்க நேரிடும்.

அடுப்பில் ஒரு கப்பியைக் கட்டுக. கயிற்றின் ஒரு முனையை வேனின் முன்புறக் கம்பியில் முடிந்து, கயிற்றைக் கப்பியில் கோத்து, மறுமுனையை வேனுள் நின்று இழுத்தால் பளு ஏறக்குறையப் பாதியாகும். ஒவ்வொரு இழுப்புக்கும் பின் கயிற்றைக் கம்பியில் சுற்றி நிறுத்துக.

தரையில் நகர்த்த இரும்புக் குழாய் உருளைகள் உதவும். சரிவில் அவை கூடா. அடுப்பு பின்னோக்கி ஓடிவிடும். அடுப்புக்குக் கீழ்ப்புறம் ஒருபோதும் நிற்கலாகாது. நழுவினால் பிடிக்க முயல வேண்டா. நெளிந்த அடுப்பைக் கொல்லர் சீராக்குவார். நசுங்கிய காலைச் சீராக்குவது எளிதன்று.